கன்னியம்மா குடத்து ஒடுக்கு

நான் போனது ஊர் பார்க்க இல்லை. ஒரு அம்மாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வர.

என் மகள் மலர் ஒரு பையனைப் பார்த்துவிட்டாள். பெயர் தினகரன். திருக்கழுக்குன்றத்துக்காரன். கடல் தாண்டி எங்கள் ஈப்போ ஊருக்கு வெல்டிங் வேலைக்கு வந்தவன். அவன் வைத்த வெல்டிங் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஆனால் பையன் ஒரு கட்டுப் போட்டுவிட்டான். அவன் அம்மா சரி என்று சொன்னால்தான் கல்யாணம். அம்மா பெயர் கன்னியம்மா. டெலிபோனில் கேட்டபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான். 'பாக்கலாம்.'

"நேர்ல போய் சரின்னு சொல்ல வெச்சிட்டு வாங்க" என்றாள் என் மனைவி ராஜம்மா. அவளுக்குப் பிளேன் என்றால் பயம்.

"எனக்குப் பேச வராதே" என்றேன்.

"அதனாலதான் உங்கள அனுப்புறேன். பேசினா கெட்டுடும்."

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. கார்களுக்கு ஒடுக்கு எடுக்கிறவன் நான். எங்கேயாவது இடித்துக்கொண்டு வருவார்கள். கதவில் பள்ளம், பானெட்டில் பள்ளம். உள்ளேயிருந்து தட்டி, வெளியே கட்டை கொடுத்து, பழையபடி ஆக்கி அனுப்புவேன். கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்து இதுதான் வேலை. உலகத்தில் எனக்கு யாரோடும் பகை கிடையாது. பள்ளத்தோடு மட்டும் உண்டு.

அப்படிப்பட்டவன் செங்கல்பட்டில் பஸ் ஏறினால் எப்படி இருக்கும். பஸ்ஸின் ஒரு பக்கம் முழுக்க ஒடுக்கு. பெரிசு, சிறிசு, ஒடுக்குக்குள் ஒடுக்கு. எங்கள் ஊரில் ஒரு கீறல் விழுந்தாலே ஓடி வருவார்கள். இங்கே ஒடுக்கு வண்டியோடு சேர்ந்து கிழவனாகிறது. ஏறுமுன் ஒரு நல்ல ஒடுக்கைத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னா சார் தடவிக் குடுக்குற? மாடா அது?" என்றார் கண்டக்டர்.

"ஒடுக்கு" என்றேன்.

"அது இல்லன்னா வண்டிய எங்களுக்கே அடையாளம் தெரியாது. டிப்போல எல்லாம் ஒரே கலரு. ஏறு, ஏறு."

உட்கார்ந்தேன். சீட்டிலும் பள்ளம். அதற்கு முன் உட்கார்ந்தவர் என்னைவிடப் பெரிய மனிதர் என்று தெரிந்தது.

தினகரனின் அப்பா ஏகாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். ஒல்லி ஆள். செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டர். பிள்ளைகள் உடைக்கும் கண்ணாடிக் குடுவைகளைக் கூட்டி அள்ளுவதுதான் வேலை என்று சொன்னார். ஆனால் வாத்தியார் நடத்துகிற பாடமெல்லாம் அவர் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. மலைக்கோயிலைக் காட்டினார். பூசைச் சோறு தின்ன வரும் கழுகு இப்போது வருவதில்லை என்றார். அதை அவர் சொன்ன விதத்தில், கழுகு லீவில் போயிருப்பது போல இருந்தது.

வீட்டில் கன்னியம்மா நின்றிருந்தார். உயரம். அகலமான எலும்பு. என்னைப் பார்த்தார், அப்புறம் என் ஷூவைப் பார்த்தார், அப்புறம் மறுபடி என்னைப் பார்த்தார்.

"குந்துங்க. நாஸ்தா துன்னுங்க."

இட்லியும் வடகறியும். வடகறி என்ற ஒன்றை நான் அதற்கு முன் தின்றதில்லை. வடையை உடைத்துக் குழம்பில் போட்டுவிட்டார்கள் என்று முதலில் வருத்தப்பட்டேன். இரண்டாவது வாயில் வருத்தம் போய்விட்டது. எங்கள் ஊர்க் கடை இட்லி தட்டையாக இருக்கும். கன்னியம்மாவின் இட்லி அடியில் நன்றாக உருண்டு, தட்டில் வைத்தால் ஆடியது. இட்லித் தட்டின் குழி ஆழம் என்றார் ஏகாம்பரம். மாமியார் காலத்துத் தட்டாம். குழி ஆழமானால் நடுவில் வேகாமல் போகும். இது வெந்திருந்தது.

நான் சாப்பிடும்போதே விசாரணை ஆரம்பித்தது.

"பொண்ணு சமைக்குமா?" என்றார் கன்னியம்மா.

"சமைக்கும்."

"இன்னா சமைக்கும்?"

யோசித்தேன். மலர் செய்வது பொரித்த சோறு, பாக்கெட் மீ என்கிற நூடுல்ஸ். "சோறு" என்றேன்.

"கோலம் போடுமா?"

"ஸ்டிக்கர் ஒட்டும்."

"தண்ணி எடுக்குமா?"

"குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கு."

கன்னியம்மா கணவரைப் பார்த்தார். ஏகாம்பரம் இட்லியைப் பார்த்தார்.

"பாக்கலாம்" என்றார் கன்னியம்மா.

ராத்திரிச் சாப்பாட்டில் ஏகாம்பரம் ஒரு எவர்சில்வர் கரண்டியை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "குழிப் பக்கம் பாருங்க. தலகீழா தெரியிறீங்களா? இது குழியாடி. திருப்புறேன் பாருங்க. இப்ப நேரா தெரியிறீங்க, மூக்கு மட்டும் பெருசு. இது குவியாடி."

"சாப்புட வந்தவர தலகீழா தொங்க உட்டுகினு கீறாரு" என்றார் கன்னியம்மா. "சோத்தப் போடுங்க அந்தக் கரண்டியால. அதுக்குத்தான் குழி."

நான் கரண்டியில் இன்னொரு முறை பார்த்தேன். தலைகீழாகத் தொங்கும்போதும் என் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மறுநாள் ஏகாம்பரம் லீவு போட்டு, என்னைத் தன் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார வைத்து மாமல்லபுரம் கூட்டிப்போனார். பாதி வழியில் செயின் கழன்றது. மாட்டினோம். மறுபடி கழன்றது. மூன்றாவது தடவை நான் இறங்கித் தள்ளினேன், அவர் ஹாண்டில் பிடித்துக்கொண்டு அறிவியல் பேசினார். எதிரே வந்த லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னா நைனா, வண்டிய வாக்கிங் இட்டுனு போறியா?" என்றார்.

மாமல்லபுரத்தில் காதை மூடினாலும் உளிச் சத்தம் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. தட்டும் சத்தத்தில் தூங்கி எழுந்தவன் நான். ஆனால் குகைக் கோயிலைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றுவிட்டேன். குன்று என்றால் புடைத்துக்கொண்டு நிற்பது. அதைக் குடைந்து உள்ளே மண்டபம், தூண், சாமி. நான் செய்வதற்கு நேர் எதிர் வேலை. ஒரு அடி தப்பினால் உள்ளேயிருந்து தட்டி வெளியே கொண்டுவர முடியாது. கல்லுக்கு ரிவர்ஸ் கியர் இல்லை. என் தொழிலில் ரிவர்ஸ்தான் சம்பளம்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா தன் வழிகாட்டியிடம் இங்கிலீஷில் கேட்டார். "இதைக் கட்ட எத்தனை கற்கள் ஆகியிருக்கும்?"

வழிகாட்டியும் இங்கிலீஷிலேயே சொன்னார். "ஒன்றும் ஆகவில்லை அம்மா. வேண்டாததை எடுத்துவிட்டார்கள். மீதி இது."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். நான் எழுதவில்லை. ஞாபகம் இருந்தது.

உருண்டைப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு சரிவு. பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கிப் பாறையிலேயே வாய்க்கால் மாதிரி ஒரு வழுவழுப்புப் பள்ளம். உளி வைக்காமல் கால்சட்டையால் செதுக்கியது. ஏகாம்பரம் டீ வாங்கப் போன நேரத்தில் நானும் ஒரு தடவை சறுக்கினேன். இதை ராஜம்மாவிடம் சொல்லவில்லை.

அப்புறம் அவருக்குத் தெரிந்த சிற்பி தனபாலின் கொட்டகைக்குப் போனோம். தனபால் அன்று சாமி செய்யவில்லை. ஏதோ ஓட்டலுக்குக் கல்லில் கைகழுவும் தொட்டி குடைந்துகொண்டிருந்தார். தண்ணீரை ஊற்றுவார், எங்கே தேங்குகிறது என்று பார்ப்பார், அங்கே நாலு தட்டுத் தட்டுவார், மறுபடி ஊற்றுவார்.

"சாமி மூக்கு செதுக்குறது சுளுவு சார்" என்றார். "மூக்கு எப்டி இருக்கணும்னு எனக்குத் தெரியும். பள்ளம் எப்டி இருக்கணும்னு தண்ணிக்குத்தான் தெரியுது."

கடற்கரையில் பொரித்த வஞ்சிரம் தின்றோம். எங்கள் ஊரில் மீனுக்கு மிளகாய் போதாது என்று அன்றைக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. சம்பந்தி வீட்டைப் பார்த்து உருகிவிட்டேன் என்று ஏகாம்பரம் நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. பேச்சு வேலைக்கு அதுவும் ஒரு உதவி.

தப்பு நடந்தது அதற்கு அடுத்த நாள்.

அந்த வீட்டுப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரம் குடங்கள் வரிசையாக இருக்கும். பச்சை பிளாஸ்டிக், நீல பிளாஸ்டிக், கடைசியில் ஒரு பித்தளைக் குடம். பழைய கனமான பித்தளை. நல்ல வேலை. அதன் வயிற்றில் ஒரு ஒடுக்கு. என் கையை விரித்து வைத்தால் அடங்கும் அகலம். வந்த அன்றே பார்த்துவிட்டேன். படுத்தால் அதுதான் கண்ணில் நின்றது. பல்லில் நார் சிக்கினால் நாக்கு எங்கே போகும்? அந்த மாதிரி.

அன்று ஏகாம்பரம் பள்ளிக்கூடம் போய்விட்டார். கன்னியம்மா ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் குடமும். எனக்குப் பேச வராது. ஆனால் கை வேலை வரும். வாயால் வாங்க முடியாத வார்த்தையைக் கையால் வாங்கலாம் என்று தோன்றியது. அம்மா திரும்பி வந்து குடத்தைப் பார்ப்பார், மனம் குளிரும், சரி என்பார்.

எதிர்த்த சைக்கிள் கடையில் ஒரு இரும்புக் கம்பி வாங்கி, நுனியை வளைத்துத் துணி சுற்றினேன். கழுத்து வழியே உள்ளே விட்டு நெம்பிக்கொண்டே, வெளியே ஓரத்தில் கட்டையால் தட்டினேன். பள்ளம் பிடிவாதமாக இருந்தது. சாதாரணமாக இடிபட்ட ஒடுக்குக்கு ஓரம் கூராக இருக்கும். இதற்கு ஓரமே இல்லை, வழித்துவிட்டது மாதிரி இருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கடைசியில் 'டொப்' என்று வெளியே வந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். எங்கே ஒடுக்கு இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மா.

"இன்னா அண்ணாத்த, காலைல இருந்து டங்கு டங்குன்னு..." என்றவர் குடத்தைப் பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டார். "அடப்பாவி மனுஷா. அத்த எட்துட்டியா?"

"எடுத்துட்டேன்" என்றேன். அதுவரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பச்சையம்மா சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். தினகரன் குழந்தையாக இருந்தபோது தெருக்குழாயில் வரிசைச் சண்டை. கன்னியம்மா பேச, இவர் பேச, கடைசியில் இவர் தன் குடத்தைத் தூக்கிக் கன்னியம்மா குடத்தின் மேலேயே ஒரு போடு போட்டிருக்கிறார். அந்தக் குடம் ஒடுங்கியது. இவருடையது ஓட்டையானது.

"ஒரு வருசம் ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசல. அவ பொறந்ததுலருந்தே அந்தப் பக்கம் இடுப்பு எலும்பு துருத்திகினு இருக்கும். கொடம் வெச்சா குத்தும். அந்த ஒடுக்கு போய் அங்க அப்டியே குந்திகிச்சி. நான் ஒரு நட எடுக்கறதுக்குள்ள அவ ரெண்டு நட எடுப்பா. எல்லாம் நான் போட்ட போடு. இன்னிக்கு வரைக்கும் அதுக்கு ஒரு வார்த்த நல்லதா சொன்னதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப சொல்வா" என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம்.

கன்னியம்மா வந்தார். வளைகாப்பு வளையல் கையில் கலகலத்தது. அன்று குழாயில் தண்ணீர் வரும் நாள். குடத்தைப் பார்த்தும் பார்க்காமல் எடுத்துப் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். நிரப்பினார். இடுப்பில் வைத்தார். வழக்கம்போல் கையைத் தளர்த்தி இரண்டு எட்டு வைத்தார். குடம் வழுக்கியது. பட்டுச்சேலை முழங்காலுக்குக் கீழே நனைந்தது. குடம் தெருவில் உருண்டு போய்ப் பச்சையம்மா காலடியில் நின்றது. வரிசையில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. அதிலிருந்தே எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது.

கன்னியம்மா குடத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"யாரு வூட்டுக் கொடம் இது?"

குடத்தில் ஒட்டியிருந்த தெருமண்ணைத் துடைத்தேன்.

சாயங்காலம் ஏகாம்பரம் வந்ததும் அவரிடம் சொன்னார். எனக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "வந்து மூணு நாள் ஆவல, என் கொடத்த மாத்திட்டாரு. இவரு பொண்ணு வந்தா வூட்டயே மாத்திடும். புள்ளைக்கு போன் போட்டு வாணாம்னு சொல்லிடுங்க."

'பாக்கலாம்' என்பது எவ்வளவு நல்ல வார்த்தை என்று அப்போது தெரிந்தது.

ஐஎஸ்டி பூத்துக்குப் போய் ராஜம்மாவைக் கூப்பிட்டேன்.

"சொல்லிட்டாங்களா?"

"இல்ல. ஒரு குடத்துக்கு ஒடுக்கு எடுத்தேன்."

"யார் எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அப்புறம் மகளின் குரல் தூரத்தில். "அப்பா என்னம்மா சொல்றாரு?" ராஜம்மா சொன்னாள். "உங்கப்பா வேலை செஞ்சிட்டாருடி." போனை வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து ஏகாம்பரத்திடம் சொன்னேன். "அந்த ஒடுக்க நானே திரும்பப் போட்டுத் தரேன். போன் ஒரு நாள் கழிச்சுப் போடுங்க."

பச்சையம்மா சுவர் மேலிருந்து, "நான் வேணா மறுக்கா ஒரு போடு போடவா?" என்றார். ஆசையாகக் கேட்டார். முடியாது என்றேன். பழைய பித்தளை. ஒரு தடவை உள்ளே போய் ஒரு தடவை வெளியே வந்திருக்கிறது. இப்போது அடித்தால் விரிசல் விடும். சூடாக்கி மெத்தென்று ஆக்கி, மெல்ல அமுக்கித்தான் இறக்க வேண்டும். எதன் மேல் அமுக்குவது? அந்த இடுப்பு மாதிரி உருவமுள்ள கெட்டியான ஒன்றின் மேல். அதற்கு அளவு வேண்டும்.

"அளவா?" என்றார் கன்னியம்மா உள்ளேயிருந்து. "என் இடுப்ப அளக்க இவரு யாரு? டெய்லரா?"

நான் தரையைப் பார்த்தேன். ஏகாம்பரம்தான் வழி சொன்னார். சப்பாத்தி மாவு. கெட்டியாகப் பிசைந்து இடுப்பில் அமுக்கி எடுத்தால் குழி விழும். அந்தக் குழியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றினால் மேடு வரும். பள்ளிக்கூடத்தில் இலைக்கு அச்சு எடுக்கிற பாடம் அப்படித்தானாம்.

பச்சையம்மா மாவோடு உள்ளே போனார். கதவு சாத்தியது. நாங்கள் இருவரும் வாசலில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அசையாத நில்லுடி."

"ஏண்டி, குளுருதுடி. தண்ணிய காச்சி ஊத்திப் பெசையக் கூடாது?"

"மாவுக்கு வெந்நி வேற. மூச்ச அடக்கு. அப்பால பேசு."

"நீ போட்ட ஒடுக்குக்கு நீயே மாவு அப்புற. நல்லா வேணும் உனக்கு."

"மெய்யாலுமே சொல்லு, அந்த ஒடுக்கால உனக்கு சொகந்தான?"

"கைய எடு. கிச்சு கிச்சு மூட்டுது" என்றார் கன்னியம்மா.

ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குழியாடியின் குவிமையம் பற்றி என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். நான் கவனமாகக் கேட்டேன்.

மாவு ஒரு தாம்பாளத்தில் துணி மூடி வந்தது. பிளாஸ்டர் ஊற்றினோம். காய்ந்ததும் மாவை உரித்தால், முதலைக் குட்டியின் முதுகு போல் ஒரு மேடு. நடுவில் எலும்பு துருத்தும் இடம் தெளிவாக இருந்தது. பிளாஸ்டர் மேல் பித்தளையை அமுக்கினால் நொறுங்கிவிடும். கல் வேண்டும். கல்லுக்குத் தனபால்.

மறுநாள் ஏகாம்பரம் மறுபடி லீவு போட, டிவிஎஸ்ஸை நம்பாமல் பஸ்ஸில் போனோம். பிளாஸ்டரை ஏகாம்பரம் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொட்டகையில் தனபால் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"இன்னா இது? தோளா?"

"இடுப்பு" என்றேன்.

"யாரு இடுப்பு?"

ஏகாம்பரம் கடலைப் பார்த்தார். "எங்க வூட்டுது."

தனபால் வழக்கப்படி வளைவைக் கட்டைவிரலால் தடவினார்.

"தடவாத!" என்றார் ஏகாம்பரம்.

தனபால் சுட்டதுபோல் கையை எடுத்தார்.

புதிதாகச் செதுக்க நாள் ஆகும் என்றார். கொட்டகைக்குப் பின்னால் வீணாய்ப் போன சிலைக் குவியல் இருந்தது. கை உடைந்தது, மூக்குப் போனது, பாதியில் விரிசல் விட்டது. பிளாஸ்டரை ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தோம். ஒரு அம்மன் இடுப்பு இருந்தது. பொருந்தவில்லை. சிலைக்கு எலும்பே இல்லை, எல்லாம் வழவழப்பு. கடைசியில் பொருந்தியது, தொடையில் முறிந்துபோன ஒரு வாயில்காப்போன் சிலையின் முட்டி. அதே மேடு, அதே துருத்தல்.

"இத்த எட்துகினு போங்க" என்றார் தனபால். "ஆனா அந்தம்மாட்ட இது யாரு முட்டின்னு சொல்லாதீங்க. மீசக்காரன்."

திரும்பும் பஸ்ஸில் கல் முட்டியை என் மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாது?"

"முட்டி" என்றேன்.

"யாரு முட்டி?"

அதற்குள் பக்கத்து சீட்டு அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்டக்டரும் யோசித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, லக்கேஜ் கேட்காமல் போய்விட்டார். ஏகாம்பரம் என் காதில் சொன்னார். "இத்தயெல்லாம் வூட்ல சொல்லிடாதீங்க. அவ தன் இடுப்புக்கும் சூடம் காட்டச் சொல்லுவா."

மத்தியானத்துக்கு மேல் வேலை தொடங்கியது. எருமுட்டை அடுக்கிக் குடத்தைச் சுட்டேன். ஒரு மங்கல் சிவப்பு வந்ததும் எடுத்து ஆறவிட்டேன். ஈர மணலை நிரப்பினேன். கல் முட்டியைத் தரையில் பாதி புதைத்து, மேலே பழைய கோணி போட்டு, குடத்தை அதன் மேல் சாய்த்து என் எடையை வைத்து அமுக்கினேன். ஆட்டினேன். அமுக்கினேன்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பள்ளம் போட்டேன். எடுப்பதைவிடக் கஷ்டம். எடுக்கும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியும். சமமானால் நிறுத்தலாம். போடும்போது யார் நிறுத்தச் சொல்வது? ஒரு அமுக்கு கூடினால் ஓட்டை. ஒரு அமுக்கு குறைந்தால் என் மகள் அழுவாள்.

எங்கே இடிக்கிறது என்று பார்க்க, பிளாஸ்டர் மேட்டில் குங்குமம் தடவிப் பள்ளத்தில் வைத்து எடுத்தேன். பித்தளையில் எங்கே சிவப்பு ஒட்டுகிறதோ அங்கே இன்னும் இறக்க வேண்டும். மறுபடி தடவல், மறுபடி அமுக்கல். சுவருக்கு மேலே தெருப் பெண்கள் தலை வரிசையாக. சமையல்கட்டு ஜன்னலில் கன்னியம்மா.

"ஏண்டி கன்னிம்மா, உன் இடுப்புக்கு பொட்டு வெக்கிறாருடி சம்பந்தி" என்றார் பச்சையம்மா.

"சம்பந்தின்னு எவ சொன்னது உனக்கு?" என்று ஜன்னல் சாத்தியது. பிறகு கொஞ்சம் திறந்துகொண்டது.

சிவப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டியபோது நிறுத்தினேன். என் சட்டையில் மணல், முகத்தில் கரி, கையில் குங்குமம். கன்னியம்மா வந்து ஒரு சொம்பு மோர் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் பொருத்தம்.

தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அடுத்த நாள் காலையில் வந்தது. தெருவில் அன்றைக்கு வரிசை நீளம். தண்ணீர் தேவைப்படாதவர்களும் குடம் கொண்டு வந்திருந்தார்கள். ஏகாம்பரம் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியும் போகவில்லை.

கன்னியம்மா நிரப்பினார். கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். இடுப்பில் வைத்தார். வைத்து, ஒரு அசைப்பு அசைத்தார். கை இன்னும் கழுத்தில் இருந்தது. நடந்தார். இரண்டு எட்டு. நாலு எட்டு. முருங்கை மரம் தாண்டியதும் கையை எடுத்துவிட்டார். அந்தக் கையால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார். ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே வந்தார். மறுபடி போய் நிரப்பினார். இப்போது கையை வைக்கவே இல்லை.

"எப்டி கீது?" என்று கத்தினார் பச்சையம்மா.

"குந்துது" என்றார் கன்னியம்மா. நடை நிற்கவில்லை. "உன் ஒடுக்கு ஒரு நூல் கோணலா இருக்கும். இது நேரா கீது."

"ஓகோ. இத்தினி வருசம் கழிச்சி கோணலா போச்சா என்னுது?" பச்சையம்மா சண்டைக்குத் தயாரானார். வரிசை சிரித்தது.

மூன்றாவது நடையில் கன்னியம்மா என் முன்னால் நின்றார். குடம் இடுப்பில் இருந்தது. இறக்கி வைக்கவில்லை.

"உங்க பொண்ணு எந்தப் பக்கம் கொடம் தூக்கும்?"

ஏகாம்பரம் எனக்குப் பின்னாலிருந்து ஏதோ முணுமுணுத்தார். இடது என்று சொல்லுங்க என்பதுபோல் இருந்தது. பொய் சொன்னால் கல்யாணம் வரை தாங்கும், குழாயடி வரை தாங்காது.

"தூக்கினதே இல்ல" என்றேன்.

கன்னியம்மா என்னைப் பார்த்தார். ஷூவைப் பார்க்கவில்லை. நான் அன்று ஷூ போடவும் இல்லை.

"வரட்டும்" என்றார். "ஒடுக்கு இல்லாத பித்தளக் கொடமா பாத்து ஒண்ணு வாங்கி வெக்கிறேன். தூக்கித் தூக்கி அதுவே தன் இடுப்புக்கு ஒரு ஒடுக்கு போட்டுக்கட்டும். நீங்க மட்டும் வந்து எட்துடாதீங்க."

உள்ளே போய்விட்டார்.

நான் பூத்துக்குப் போனேன். ராஜம்மா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"மலருக்கு ஒரு குடம் வாங்கப் போறாங்களாம்."

"பிளாஸ்டிக்கா, பித்தளையா?" என்றாள்.

"பித்தளை."

ராஜம்மா போனை வைக்காமலே மகளைக் கூப்பிட்டாள்.